பிழைக்கு ஒரு பங்கு

எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் பலகையில் நான் ஒட்டியிருந்த கூட்ட அறிவித்தலை ஒரு கழுதை தின்றுவிட்டது. கற்பிட்டிப் பக்கத்தில் கழுதைகள் கட்டாக்காலியாகத் திரியும். கடதாசி என்றால் அவற்றுக்குப் பாண் மாதிரி. நான் பலகைக்கு முன்னால் நின்று கழுதையைத் திட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"மன்னிக்கோணும் சேர். என்னாலதான்."

திரும்பிப் பார்த்தேன். சாரமும் வெளிறிப்போன சேட்டுமாக ஒரு நெடிய மனிதர் நின்றார்.

"உம்மட கழுதையே இது?"

"இல்லைச் சேர். காலமை இந்தப் பக்கத்தால வரேக்க அதைக் கண்டனான். கலைச்சிருக்கலாம். கலைக்கேல்லை."

"அப்ப கழுதையில பிழை இல்லையோ?"

"அது வாயில்லாச் சீவன்தானே சேர்."

கழுதை மிச்சக் கடதாசியை மென்றபடி எங்கள் இருவரையும் பார்த்தது. அவர் சொன்னதை அதுவும் ஒத்துக்கொண்டது போலத்தான் எனக்குப் பட்டது.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. அந்தப் பெயரை எங்கள் கரையில் வேண்டிய அளவு சொல்லிவிட்டோம்.

வன்னியிலிருந்து போர்க்காலத்தில் மனைவியோடு புத்தளம் பக்கம் வந்தவர். போர் முடிந்து சில வருடங்கள் போயும், ஊர்க் காணியில் கண்ணிவெடி எடுத்து முடியவில்லை என்று சொன்னதால், ஆலங்குடாவுக்குத் தெற்கே எங்கள் கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார். யாருடன் கதைத்தாலும் கழுத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்வார், தாழ்ந்த வாசலுக்குள் நுழைகிறவர்போல. வெட்டவெளியில் நிற்கும்போதும் அப்படித்தான்.

நானும் அந்த ஊருக்கு வந்து சேர்ந்தவன்தான். யாழ்ப்பாணத்தில் ஆசிரியர்களாகப் போகிறவர்களுக்கு உளவியல் படிப்பித்து ஓய்வுபெற்று, மகள் வாழ்க்கைப்பட்ட இடத்தில் தங்கியவன். மூன்று மொழியிலும் கடிதம் எழுதுவேன் என்பதற்காகச் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கினார்கள். மீனின் தலை எது, வால் எது என்பதற்கு மேல் கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

மனச்சோர்வு என்ற பாடத்தை வருடாவருடம் படிப்பித்திருக்கிறேன். அதன் காரணத்துக்கு இரண்டு விளக்கம் சொல்லுவேன். ஒன்று, அது ஆளின் நினைப்பிலிருந்து வருகிறது. எந்தக் கெட்டது நடந்தாலும் அது தன்னால்தான், அது மாறவே மாறாது, தொட்டதெல்லாம் அப்படித்தான் என்று நினைத்துப் பழகியவன் ஒருநாள் எழும்ப முடியாமல் படுத்துவிடுகிறான். மற்றது, அது சுற்றியுள்ள சனத்திலிருந்து வருகிறது. ஊரையும் உறவையும் இழந்தவன், தன் சொல்லுக்கு மதிப்பில்லாத இடத்தில் இருக்கிறவன், காது நிறையக் குற்றம் கேட்கிறவன், அவனுக்கு அது வருகிறது. மாணவர்கள் இரண்டையும் பாடமாக்கிச் சோதனையில் எழுதி நல்ல புள்ளி வாங்கினார்கள். எனக்கு முதலாவது விளக்கத்தில்தான் விருப்பம். அதில் திருத்தவேண்டியது ஒரேயொரு ஆளை. இரண்டாவதை எடுத்தால் என்னையும் திருத்தவேண்டி வரும்.

கரைவலையில் மீன் படாத நாளில் ஒரு விசாரணை நடக்கும். தோணி வலையைக் கடலுக்குள் வளைத்து விட்டுவிட்டு வந்த பிறகு, அதன் இரண்டு கயிறுகளையும் கரையில் இரண்டு அணியாக நின்று இழுப்பார்கள். வெயில் உச்சிக்கு வரும்வரை இழுத்து, கடைசியில் பார்த்தால் வலையின் மடிக்குள் பாசியும் பிளாஸ்டிக் போத்தலும் கிடக்கும். இழுக்கிற கயிற்றைக் குறுக்கே தாண்டினால் மீன் போய்விடும் என்பது எங்கள் கரையின் நம்பிக்கை. ஆகவே விசாரணை எப்போதும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும்.

"கயிற்றைத் தாண்டினது ஆர்?"

ஒருநாள் இந்தக் கேள்வியில் ஒரு மச்சானும் மச்சானும் முட்டிக்கொண்டார்கள். நீதான் என்றார் ஒருவர். உன்ர கொப்பன்தான் என்றார் மற்றவர். ஒருவர் துடுப்பைத் தூக்கினார். வலையின் சொந்தக்காரரான ஹாஜியார், வயதான மனிதர், இருமல்காரர், இருவருக்கும் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து, ஆஸ்பத்திரிக்குப் போய்க் களிம்புப் போத்தலோடு பஸ்ஸால் இறங்கி வந்த நம்மவர் கையை உயர்த்தினார்.

"நான்தான் தாண்டினனான்."

துடுப்புக்காரர் திகைத்துப்போனார். "நீ இப்பத்தானே பஸ்ஸால இறங்கி வாறாய்?"

"ஓம். அதுக்கு முதல் எப்பவாவது தாண்டியிருப்பன்."

துடுப்பு கீழே விழுந்தது. எல்லோருக்கும் முகம் தெளிந்துவிட்டது. ஹாஜியார் சிரித்துச் சிரித்து இருமினார். "அல்லாட காவல் மவன். நீ ஒரு சொல்லுச் சொன்னாய், ரெண்டு பேர் மண்டை உடையாம வீட்ட போறாங்க."

அன்றிலிருந்து ஹாஜியார் ஒரு வழக்கம் வைத்தார். மீன் பட்டால் வலைக்கு ஒரு பங்கு, தோணிக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்கு ஆளுக்கொரு பங்கு என்று பிரிப்பார்கள். அவற்றுக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு கும்பி வைத்தார். கொஞ்சம் சாளை, கொஞ்சம் சூடை, சில நாள் ஒரு பாரைக்குட்டி. பிழைப்பங்கு என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது. மீன் படாத நாளில் பிழையை ஏற்றதற்கு, மீன் படுகிற நாளில் கூலி. மற்றப் பங்குகளுக்குச் சண்டை வந்திருக்கிறது. அந்தப் பங்குக்கு யாரும் போட்டிக்கு வந்ததில்லை.

பிறகு பக்கத்துக் கரைக்காரர் அவரை இரவல் கேட்டார்கள். மோட்டார்சைக்கிளில் வந்து ஏற்றிப்போய், "இண்டைக்கு எங்கட வலையும் வெறும் வலை, வந்து ஒருக்காச் சொல்லிவிடு" என்று கேட்டார்கள். அவர் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பஸ் பிந்தினால் தரிப்பில் நிற்கிறவர்கள் அவரைப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார். கடற்கரை ஓரத்துக் காற்றாலைகளின் பெரிய விசிறிகள் காற்றில்லாமல் நின்றால், அவற்றைப் பார்த்தும் அவர் மெல்லமாக ஏதோ சொல்லுவார். என் வீட்டு ரேடியோ பழுதானபோது நான்கூட வேலிக்கு மேலால் கூப்பிட்டு, "இதுவும் உம்மாலதானோ?" என்று பகிடி விட்டேன். அவர் வந்து ரேடியோவை நீண்டநேரம் பார்த்தார். "ஓம் சேர், போன கிழமை இதில செய்தி கேட்டனான்" என்றார்.

இதெல்லாம் எங்களுக்குப் பெரிய பகிடி. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அதை அப்போது நான் கவனிக்கவும் இல்லை.

உல்லாச விடுதிக் கதையையும் சொல்லவேண்டும். ஆலங்குடாப் பக்கம் வெளிநாட்டுக்காரர் வந்து, காலில் பலகையைக் கட்டிக்கொண்டு பட்டம் பிடித்துக் கடலில் ஓடுவார்கள். அதற்குக் காற்று வேண்டும். ஒருமுறை தொடர்ந்து காற்றே இல்லை. வெள்ளைக்காரர் சாய்கதிரையில் படுத்திருந்து முறுகினார்கள். விடுதியின் முகாமையாளர், சிலாபத்துப் பெடியன், விசயம் கேள்விப்பட்டு அவரை வான் வண்டியில் ஏற்றிப்போனான். மொழிபெயர்க்க என்னையும் கூட்டிப்போனான்.

அவர் மணலில் நின்று, கழுத்தை உள்ளே இழுத்து, "காற்று வராதது என்னாலதான். மன்னிக்கோணும்" என்றார். நான் இங்கிலீசில் சொன்னேன். வெள்ளைக்காரர் முதலில் விளங்காமல் பார்த்தார்கள், பிறகு கைதட்டினார்கள், பிறகு ஒவ்வொருவராக வந்து அவரோடு படம் பிடித்தார்கள். ஒரு பெண் அவரைக் கட்டிப்பிடித்து, பரவாயில்லை, பரவாயில்லை என்று முதுகில் தட்டினாள். பின்னேரம் காற்று எழும்பியது. விடுதியில் அவருக்கு மார்பில் பட்டத்தின் படம் போட்ட ஒரு ரீசேட் கொடுத்தார்கள்.

திரும்பி வரும் வழியில் அவர் கலங்கிப்போயிருந்தார். "சேர், இந்தக் காத்துக்கு நாளைக்கு எங்கட வலை போடேலாது. ஹாஜியாருக்கு என்ன சொல்லுறது?" என்றார். மறுநாள் அந்த ரீசேட்டோடேயே போய் ஹாஜியாரிடம் காற்றுக்காக மன்னிப்புக் கேட்டார்.

அவருடைய மனைவி எங்கள் மகளிடம் தைக்கக் கொடுக்க வருவாள். வாய்க்காரி. ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "நீங்கள் படிச்ச ஆள்தானே சேர். இந்த மனிசனுக்கு ஒரு வழி சொல்லுங்கோவன். ஊருக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுப்போட்டு வீட்டுக்கு வந்தா ஒரு கதை இல்லை. சோத்தைப் போட்டா, நான் சாப்பிட்டா அரிசி முடிஞ்சுபோம் எண்டுறார்."

"முந்தியும் இப்படியே?"

"முந்தியோ? பஸ்ஸில மிச்சக் காசு தரேல்லை எண்டு கொண்டக்டரோட அடுத்த தரிப்புவரைக்கும் சண்டை பிடிச்ச மனிசன்." சொல்லிவிட்டு அவள் துணியை மடித்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "இடம்பெயர்ந்து வரேக்க பிள்ளைக்குக் காய்ச்சல். வழியிலயே உயிர் போயிட்டுது. இவர்தான் வெளிக்கிடுவம் எண்டு சொன்னவர். என்ர அம்மா முதல் சொன்னா, உன்னாலதான் எண்டு. பிறகு முகாமில எல்லாரும் அதைத்தான் சொன்னவை. நானும் சொன்னனான் சேர், பொய் சொல்லக்கூடாது. பிறகு ஒருநாள் அவரே முந்திச் சொல்லத் தொடங்கினார். அவர் முந்திச் சொன்னா சனம் அதுக்குமேல சொல்லாது. அப்பிடியே பழகிப்போச்சு."

நான் வருடக்கணக்காகப் படிப்பித்த இரண்டு விளக்கமும் எங்கள் வீட்டுத் தையல் மெசினுக்குப் பக்கத்தில் நின்றன. கேட்டுக்கொண்டேன். கேட்டுவிட்டு, எனக்குப் பிடித்த முதலாவதையே எடுத்தேன். அவருடைய நினைப்பைத் திருத்துவது என்று முடிவு செய்தேன். பிழைப்பங்கை நிறுத்தச் சொல்லி ஹாஜியாரிடமோ, பகிடியை நிறுத்தச் சொல்லிக் கரையிடமோ, என்னிடமோ நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

சங்கக் கொட்டிலில் பின்னேரங்களில் அவரை இருத்திப் பாடம் எடுத்தேன். பாடம் இலேசானது. என்னாலதான் என்று நினைப்பு வந்தால் உடனே அதை நம்பக்கூடாது. யோசிக்கவேண்டும். அத்தாட்சி கேட்கவேண்டும்.

"சரி, நேற்றுக் கரண்ட் போனது ஆரால?"

"என்னாலதான் சேர்."

"அத்தாட்சி?"

"நேற்று எங்கட வீட்டில லைற் போட்டனான்."

"ஊரில எல்லாரும்தானே போட்டவை?"

"ஓம். ஆனா நான்தான் கடைசியாப் போட்டது."

"அது எப்படி உமக்குத் தெரியும்?"

அவர் நீண்டநேரம் யோசித்தார். "நான் போட்ட உடனே போச்சுது சேர்."

அது பலமான அத்தாட்சி என்பதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். வேறு விசயத்துக்குப் போனேன்.

ஆனாலும் அவர் விடாமல் வந்தார். எதையும் நம்பிச் செய்கிற மனிதர். ஒருநாள் காலையில் என் படலையைத் தட்டினார். முகத்தில் சந்தோசமா பயமா என்று சொல்ல முடியாத ஒன்று.

"சேர், இண்டைக்குப் பேக்கரியில பாண் கருகிப்போச்சு."

"ஓ?"

"அது என்னால இல்லை, சேர். நான் அந்தப் பக்கமே போகேல்லை. நல்லா யோசிச்சுப் பாத்திட்டன்."

அவர் போகும்போது கழுத்து முழுதாக வெளியே இருந்தது. எவ்வளவு நெடிய மனிதர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் என்னைப் பற்றி மிகவும் பெருமைப்பட்டேன். மகளிடம் இரண்டு தரம் சொன்னேன்.

அடுத்த பாடம் காற்று. அதைத்தான் அவர் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தார். விடுதியில் நடந்ததை அவர் மறக்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் கொட்டிலில் அவரை இருத்தி, காற்று எங்கே பிறக்கிறது, ஏன் வீசுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். நல்ல ஓட்டத்தில் இருந்தேன். அந்த நேரம் என் கைத்தொலைபேசி அடித்தது.

கடற்றொழில் கந்தோரிலிருந்து ஓர் உத்தியோகத்தர். பின்னேரம் பலத்த காற்று எழும்பும், தோணிகளை இறக்கவேண்டாம், கரைக்கு அறிவியுங்கள் என்றார்.

"ஓம் ஓம், எல்லாருக்கும் சொல்லுறன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். அப்படி அழைப்பு வந்தால் கொட்டிலுக்கு முன்னாலுள்ள கம்பத்தில் சிவப்புக் கொடி ஏற்றுவது செயலாளரின் வேலை. கொடி என் முதுகுக்குப் பின்னால் அலுமாரிக்கு மேல் மடித்துக் கிடந்தது. ஆனால் நான் பாதி வசனத்தில் நின்றிருந்தேன். அதை முடித்துவிட்டு ஏற்றலாம் என்று நினைத்தேன்.

"எங்க விட்டனான்? ஆ, காற்று. காற்றுக்கும் உமக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விளங்குதோ?"

"விளங்குது சேர்."

வசனம் முடிந்தது. அடுத்த வசனம் தொடங்கியது. கொடி மறந்துபோனது.

ஹாஜியாரின் தோணி வலையோடு கடலில் இருந்தபோது காற்று அடித்தது. தோணி கவிழ்ந்தது. புது வலை கிழிந்து கல்லில் மாட்டிப்போனது. தோணியில் போன ஒருவருக்குக் கால் முறிந்தது. உயிர் ஒன்றும் போகவில்லை. ஆனால் வலை இல்லாமல் அந்தப் பருவம் முழுதும் கரையில் யாருக்கும் வேலை இல்லை என்பது அந்த இடத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஈரத்தோடு எல்லோரும் மணலில் நின்றார்கள். நானும் நின்றேன். விசாரணை தொடங்கவில்லை. தொடங்கத் தேவையும் இருக்கவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கரை முழுதும் காத்திருந்தது. ஹாஜியார் இருமினார். "சொல்லு மவன்" என்றார், பள்ளியில் மறந்த பாடத்தை எடுத்துக்கொடுப்பதுபோல. துடுப்புக்கார மச்சான், "என்னடாப்பா, வாயில கொழுக்கட்டையோ?" என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எல்லோரையும் பார்த்து, மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

"யோசிச்சுப் பாத்துச் சொல்லுறன்."

ஒரு மனிதர் வாழ்நாளில் சொன்ன துணிவான வசனங்களில் அது ஒன்று. கரையில் இருந்தவர்கள் பாம்பைக் கண்டதுபோல் விலகினார்கள்.

மறுநாள் காலை அவர் என் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன். நின்றார்.

"சேர், நீங்கள் சொல்லித் தந்தமாதிரி யோசிச்சுப் பாத்தனான். காத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. தோணியை இறக்கச் சொன்னது நானில்லை. நேற்று நான் கயிற்றுப் பக்கமே போகேல்லை, உங்களோட கொட்டிலில இருந்தனான்."

"ம்."

"அப்ப என்னால இல்லைப் போல கிடக்கு." இதை அவர் என்னிடம் அனுமதி கேட்பதுபோலச் சொன்னார். "ஒண்டுதான் விளங்கேல்லை. நாங்கள் கதைச்சுக்கொண்டிருக்கேக்க உங்களுக்கு ஒரு போன் வந்தது. எல்லாருக்கும் சொல்லுறன் எண்டனீங்கள். அது என்ன போன் சேர்?"

இதை எழுதும்போது எனக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அந்தக் கேள்விக்கு முன்னால் நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.

"அது மகள். சாப்பிட வரச்சொல்லி எடுத்தவள்" என்றேன்.

அவர் தலையாட்டினார். "சாப்பிட்டனீங்களே சேர்?"

"ஓம், சாப்பிட்டனான்."

சாப்பிட வரச்சொன்னதற்கு யாராவது எல்லாருக்கும் சொல்லுறன் என்று சொல்லுவார்களா என்று அவர் கேட்கவில்லை. அத்தாட்சி அவர் கையில் இருந்தது. அதை என் பக்கம் திருப்ப அவருக்குத் தெரியவில்லை. நானும் அதைக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

"அப்ப என்னாலயாக்கும் சேர்?"

"இருக்கலாம்" என்றேன்.

அவருடைய கழுத்து மெல்ல உள்ளே போனது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் போனது.

அங்கிருந்து நேரே கரைக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். காரணமும் சொல்லியிருக்கிறார். "சேர் எனக்குப் பாடம் சொல்லித் தந்துகொண்டிருந்தவர். நான் இல்லாட்டி அவர் வெளியில வந்து வானத்தைப் பாத்திருப்பார். கொடி ஏத்தியிருப்பார்." உண்மைக்கு அவ்வளவு கிட்ட வேறு யாரும் வரவில்லை. கேட்டவர்கள் எல்லோரும், ஓம், அது சரிதான், இவனாலதான் என்றார்கள்.

முந்தியெல்லாம் பகிடி. இந்தமுறை நம்பினார்கள். மற்றதையெல்லாம் விட ஒரு நாள் தாமதித்ததைத்தான் அவர்களால் மன்னிக்க முடியவில்லை. "குற்றமில்லாதவன் எண்டா உடனே என்னாலதான் எண்டு சொல்லியிருப்பான். ஏன் யோசிச்சவன்?" என்று துடுப்புக்கார மச்சான் கேட்டார். அந்தக் கேள்வியில் ஏதோ கோணல் இருக்கிறது என்று கரையில் ஒருவருக்கும் படவில்லை. நம்மவர் கூலிக்குப் பக்கத்துக் கரைக்குப் போனார். அங்கும் கயிற்றைத் தொட விடவில்லை. கடையில் அவருடைய மனைவி வந்தால் பெண்கள் கதையை நிறுத்தினார்கள்.

பிறகு ஒருநாள் அவள் என் படலையில் வந்து நின்றாள். வழமையான வாய் இல்லை.

"சேர், அவர் இப்ப ஒண்டுக்கும் மன்னிப்புக் கேக்கிறாரில்லை."

"நல்லதுதானே?" என்றேன். இதைச் சொன்னதும் நான்தான்.

"சாப்பிடுறாருமில்லைச் சேர். எழும்பிறாருமில்லை. சுவரைப் பாத்துக்கொண்டு படுத்திருக்கிறார். நான் செத்தா எல்லாம் சரிவரும் எண்டு ஒருக்காச் சொன்னவர். அதுக்குப் பிறகு கதையே இல்லை."

நான் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். நல்ல இங்கிலீசில், நோயின் அறிகுறிகளை ஒழுங்காக விவரித்து எழுதினேன். காரணம் என்ற இடத்தில், எதிர்மறையான சிந்தனைப் பழக்கம் என்று போட்டேன். கூடப் போகவில்லை. அவள் தனியாக முச்சக்கரவண்டி பிடித்து அவரைக் கொண்டுபோனாள். அங்கே மருந்து கொடுத்தார்கள். அது அவரை எழுப்பி இருத்தியது. சில மாதங்களில் காணி துப்புரவாகிவிட்டது என்று தகவல் வர, ஒரு லொறியில் ஏறி வன்னிக்குப் போய்விட்டார்கள். லொறி எங்கள் வீட்டைத் தாண்டியபோது நான் யன்னலுக்குப் பின்னால் நின்றேன்.

ஹாஜியார் காணி விற்றுப் புது வலை வாங்கினார். முதல் நாள் வலை வெறும் பாசியோடு வந்தது. கயிற்றைத் தாண்டினது ஆர் என்று யாரோ கேட்டார்கள். பதில் சொல்ல ஆள் இல்லை. சத்தம் ஏறியது. துடுப்பு மறுபடி எழும்பியது. ஹாஜியார் என் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், நீங்க ஒருக்காச் சொல்லுங்களேன். சும்மா, ஒரு பேச்சுக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரேயொரு சொல். பகிடிக்குக்கூட என் வாயில் வரவில்லை. அந்த மனிதர் நாளாந்தம், மீனுக்கும் கழுதைக்கும் கரண்டுக்கும் சொன்ன சொல். நின்று நின்று, கடைசியில் நான் வேறு எதையோ சொல்லத் தொடங்கினேன். காற்று அடித்த நாளில் போன் வந்தது, கொடி என் முதுகுக்குப் பின்னால் கிடந்தது, நான் ஏற்றவில்லை, அவர் கேட்டபோது பொய் சொன்னேன்.

கரை விழுந்து விழுந்து சிரித்தது. "மாஸ்டர் நல்லாச் சொல்லுறார்! அவனைவிட நல்லாச் சொல்லுறார்!" என்று துடுப்பைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார் மச்சான்.

ஹாஜியார் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆட்கள் கலைந்த பிறகு கிட்ட வந்தார்.

"இங்க சொல்லி என்ன மாஸ்டர்? அவன்ட போய்ச் சொல்லுங்க."

உடனே போனேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. மழை, முழங்கால் வலி, பேரனின் பரீட்சை என்று காரணங்கள் இருந்தன. ஹாஜியார் மௌத்தான பிறகுதான் போனேன். ஜனாஸா நல்லடக்கத்திலிருந்து நேரே பஸ் தரிப்புக்குப் போனேன். வீட்டுக்குப் போனால் மறுபடி காரணங்கள் வரும் என்று எனக்குத் தெரியும்.

தேடிப் பிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. வன்னியில், ஒரு சிறுகடல் ஓரத்தில், தகரக் கூரை போட்ட சின்ன வீடு. மனைவி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் விளக்குமாற்றை நிறுத்தாமல், "சேர் வந்திருக்கிறார்" என்றாள். இரங்கிச் சொன்னாளா, கோபத்தில் சொன்னாளா என்று தெரியவில்லை.

அவர் வேம்புக்குக் கீழே இருந்து வீச்சுவலையில் பாசி பிடுங்கிக்கொண்டிருந்தார். தலை நரைத்துவிட்டது. கழுத்து உள்ளேதான் இருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கொடியை, பொய்யை, இருக்கலாம் என்று சொன்னதை. பஸ்ஸில் பாடமாக்கிக்கொண்டு வந்த அழகான வசனங்கள் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

அவர் பாசி பிடுங்குவதை நிறுத்தவில்லை. என்னாலதான் நீங்கள் இவ்வளவு தூரம் வரவேண்டி வந்தது என்று சொல்லிவிடுவார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. அவர் தலை நிமிராமல் கேட்டார்.

"அத்தாட்சி இருக்கே சேர்?"

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. "இருக்கு" என்றேன். "போன் அடிச்சது. நீர் கேட்டனீர்."

"ஓம். கேட்டனான். எல்லாருக்கும் சொல்லுறன் எண்டனீங்கள்."

"சொல்லேல்லை."

"கொடி எங்க கிடந்தது?"

"அலுமாரிக்கு மேல. எனக்குப் பின்னால."

அவர் யோசித்தார். நான் சொல்லிக் கொடுத்தபடி, அவசரப்படாமல் யோசித்தார். முற்றம் கூட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

"அப்ப அது என்னால இல்லை."

"இல்லை."

"உங்களால."

"ஓம். என்னால."

இந்தச் சொல் கடைசியில் என் வாயில் வந்தது. அவர் எழும்பினார். முழு உயரத்துக்கு எழும்பினார். மனைவி விளக்குமாற்றை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அவர் குசினிக்குள் போய் ஏதோ துழாவினார். வெளியே வந்தபோது கையில் பழைய பத்திரிகையில் சுற்றிய பொட்டலம். அன்றைய மீன். சின்னச் சின்ன மணலை மீனும், ஒரு பாரைக்குட்டியும்.

"என்ன இது?"

"பங்கு, சேர்" என்றார். பகிடி விடுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. பிழையை ஏற்றவருக்கு அது சேரவேண்டும், அவ்வளவுதான்.

அவர் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மனைவி பஸ் தரிப்புவரை கூட வந்தாள். பஸ் வந்தபோது, "வரச் சுணங்கிப்போனியள் சேர்" என்றாள்.

புத்தளம் போகும் பஸ்ஸில் நல்ல சனம். யன்னல் ஓரம் இருந்து பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டேன். வெயிலுக்கு மீன் கசிய, பத்திரிகை நனைந்து நீர் என் வேட்டியில் இறங்கியது. மணம் பஸ் முழுதும் பரவியது. முன்சீற்றில் ஒரு பெண் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். ஒருவர் தன் பக்கத்து ஆளைச் சந்தேகமாகப் பார்த்தார். அந்த ஆள் பின்னால் இருந்தவரைப் பார்த்தார். கொண்டக்டர் ரிக்கற் கட்டையும் கையுமாக நடுவில் வந்து நின்று கத்தினான்.

"ஆரப்பா பஸ்ஸுக்குள்ள மீன் கொண்டு வந்தது?"

நான் கையை உயர்த்தினேன்.